"சாதி என்றால் என்ன?" – தோழி கேட்ட கேள்வி

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி இவ்வாண்டு எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு நாள் வகுப்பில் கல்வி உதவித்தொகைப் படிவம் கொடுத்தார்கள். அதிலிருந்த 'சாதி' என்ற கட்டத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டாள். "அதெல்லாம் அந்தக் காலம்" என்றாள் ஒருத்தி. "ஏழை, பணக்காரர் என்பது போல" என்றாள் மற்றொருத்தி. இரண்டுமே சரியான விடையல்ல என்று எங்களுக்கே தெரிந்தது. ஆகவே, ஆசிரியையின் துணையோடு விடை தேடினோம்.

ஏழை செல்வராகலாம். சாதியோ பிறப்போடு வருவது. படிப்பாலும் பணத்தாலும் மாறாதது. யார் வீட்டில் யார் உண்பது, யார் யாரை மணப்பது, இறந்தவரை எங்கே புதைப்பது என்பவற்றையெல்லாம் அது தீர்மானித்தது. பல ஊர்களில் இன்றும் தீர்மானிக்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. "அப்படியானால் படிவத்தில் ஏன் கேட்கிறார்கள்?" என்றாள் தோழி. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டவர்களுக்கு அதை ஈடுசெய்வதற்காகத்தான் என்று விளக்கினோம்.

தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கி விளக்குவது நல்ல முறை. 1959-ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் அவர் மனம் வருந்தினார். பிறகு தம் நாட்டில் கறுப்பின மக்கள் படும் பாட்டை எண்ணி, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். 1965-இல் ஆற்றிய மறையுரையில் அவரே இதைக் கூறியிருக்கிறார். ஆனால், நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதி முகத்தில் தெரியாது. அதனால்தான் நம்மிடையே பெயரையும் ஊரையும் தெருவையும் கேட்டுத் துருவுகிறார்கள்.

"கிறிஸ்தவர்களிடையே சாதி இராதே?" என்று அவள் கேட்டபோது எங்களுக்கு நாணமாக இருந்தது. மறைக்காமல் சொன்னோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றவர்களும் உண்டு. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் தனித்தனியே இருக்கின்றன.

அப்போது எங்களில் ஒருத்தி எழுந்து, "எங்கள் பாட்டி வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி தம்ளர் இருக்கிறது. இதுவரை அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. நாங்கள் தேடிப் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு தம்ளர் தோழிக்கு நன்றாக விளங்கிற்று.

கடைசி வரிசையில் இருந்த இன்னொருத்தி தலை குனிந்திருந்தாள். "உன் வீட்டிலும் இப்படி உண்டா?" என்று தோழி அவளைக் கேட்கப் போனாள். ஆசிரியை மெல்லத் தடுத்து, "அவளாக விரும்பிச் சொன்னால் கேட்போம், சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்" என்றார். அன்று நாங்கள் கற்ற பெரிய பாடம் அதுவே. அவமதிப்பைச் சுமந்தவரையே விளக்கமும் சொல்லச் சொல்வது இரட்டைச் சுமை. தம்ளரை எடுத்து வைத்த வீட்டார்தான் முதலில் பேச வேண்டும்.

அன்புத் தோழியரே! நாளை நீங்களும் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ செல்வீர்கள். அங்கே இதே கேள்வி உங்களையும் தேடி வரும். "எங்களிடம் அதெல்லாம் இல்லை" என்று சொல்லித் தப்ப வேண்டாம். நம் வீட்டில் கண்டதிலிருந்து தொடங்குவோம்.

தம்ளர் பற்றிச் சொன்னவள் விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் சென்றாள். தான் குடிக்கும் தம்ளரிலேயே அந்த அம்மாவுக்குக் காப்பி கொடுத்தாளாம். பாட்டி மகிழவில்லை, தடுக்கவும் இல்லை. மறுநாளும் கொடுத்தாளாம்.