மூத்ததையும் பார், தம்பி

இரண்டாவது குழந்தை வீட்டுக்கு வந்தாயிற்று. வீடு திருப்பதியில், அலிபிரி அடிவாரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். மலைக்குப் போகிற சொந்தமெல்லாம் எட்டிப் பார்த்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுத்தான் படியேறும். அதோடு என்னுடையதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பால் கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் உங்களுக்குக் கைவந்ததுதான். இனிப் படிக்க வேண்டியது மூத்ததை. நேற்றுவரை மடி முழுக்க அதற்கே. அதனால் மறுபடி படுக்கையை நனைக்கும், மழலை பேசும், பாப்பாவைக் கிள்ளவும் செய்யும். கையைப் பிடித்து விலக்குங்கள், அடிக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் "நீ பெரியவனாயிட்டே" என்றால் அதற்கு என்ன புரியும்? "இனிமே உன்னை யாரும் கொஞ்ச மாட்டாங்க" என்று சீண்டுகிற விருந்தாளி எவ்வளவு நெருங்கிய உறவானாலும் வாயை அடக்கச் சொல்லுங்கள்.

2. தம்பி, இது உனக்கு. மூத்ததைக் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்க வைப்பது இனி உன் வேலை. பிரசவத்துக்கு முன்பே பழக்கியிருந்தால் இன்னும் நல்லது. பாப்பா தூங்கும்போது அம்மாவும் மூத்ததும் தனியாகக் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அந்த நேரத்தில் பாத்திரம் துலக்க நீ போ.

3. மூத்தது இன்னும் தாய்ப்பால் குடிக்கிறதா? வெடுக்கென்று நிறுத்த வேண்டாம். சீம்பால் முதலில் பச்சைக் குழந்தைக்கு, பிறகு அதற்கு. முட்டை, பருப்பு, கடலை குறையாமல் கொடுங்கள். இல்லாவிட்டால் சவலை பாய்ந்துவிடும்.

4. தேன், சர்க்கரைத் தண்ணீர், சேனை எதுவும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. இரண்டாவது பெண் குழந்தையென்றால், தகுதியுள்ள தாய்க்கு மாத்ரு வந்தனா திட்டத்தில் 6,000 ரூபாய் உண்டு; அங்கன்வாடியில் கேளுங்கள். தடுப்பூசி பிறந்ததும், பிறகு 6, 10, 14 வாரங்களில்.

6. நேர்த்திக்கடன் எங்கும் ஓடிப்போகாது. அலிபிரியிலிருந்து மேலே 3,550 படி. பச்சை உடம்புக்காரி ஏறுகிற பாதையா அது? பஸ்ஸில் போங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை உள்ள பெற்றோருக்குச் சுபதம் நுழைவாயில் வழியாகத் தனித் தரிசனம் உண்டு, பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். விதிகள் மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மூத்ததோடு நீ மட்டும் நடப்பதானால் காலையிலேயே புறப்படு. முன்னால் ஓட விடாதே. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில்தான் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகுதான் மதியம் 2 மணிக்கு மேல் சிறுவர்களை விடுவதில்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். கல்யாணக்கட்டாவில் பாப்பாவுக்கு மொட்டை போடும்போது மூத்ததும் தனக்கும் வேண்டுமென்று அடம்பிடிக்கலாம். போட்டுவிடு, காசா பணமா!

7. பிரசவமான சில நாள் தாய் காரணமில்லாமல் அழுவாள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையோ, வெறுப்போ, குழந்தையைத் தொடப் பிடிக்காமையோ இருந்தால் அது வியாதி. கண்ணேறு கழிப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வெளியே சொல்லக் கூச்சமென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை.