அத்தை எதனால் இறந்தார்?

"எங்க அம்மாவுக்கும் இல்லை, அம்மாச்சிக்கும் இல்லை. எனக்கு எப்படி மார்புப் புற்றுநோய் வரும்?" கிராமங்களில் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். கேள்வி தாய்வழியோடு நின்றுவிடுகிறது. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களில் ஏற்படும் கோளாறு தந்தை வழியாகவும் அதே அளவுக்கு வரும். அப்பா திடமாக உழுதுகொண்டிருப்பார். அவரிடமிருந்து மகளுக்கோ மகனுக்கோ அது போய்ச்சேர சரிபாதி வாய்ப்பு உண்டு. அதனால் அப்பாவைப் பெற்றவளையும், அப்பாவுடன் பிறந்த அத்தைகளையும் பற்றிக் கேட்டாக வேண்டும்.

சிக்கலே அங்கேதான். அத்தை வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். "வயிறு வீங்கிச் செத்துப்போனா" என்பார்கள். சிலர் செய்வினை என்பார்கள். வயிறு வீங்கப் பல காரணம் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் அவற்றில் ஒன்று. இறந்தபோது வயது நாற்பதா எழுபதா என்பது இன்னும் முக்கியம். ஐம்பதுக்கு முன் வந்த மார்புப் புற்றுநோய், எந்த வயதிலும் வந்த சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்புப் புற்றுநோய், ஒரே வழியில் இரண்டு மூன்று பேர் என்றால் மரபணு ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதோடு மூன்று தலைமுறையை எழுதிக்கொள்ள ஒரு தாளும் வரலாம் என்பது என் ஆசை. அதற்கு எந்த எந்திரமும் வேண்டியதில்லை.

"சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்பது அடுத்த நம்பிக்கை. மாமன் மகளைக் கட்டுவதில் வேறு மரபுநோய்களுக்கான ஆபத்து உண்டு. ஆனால் பிஆர்சிஏ கோளாறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அசலில் கட்டியவர்களுக்கும் இதே கணக்குதான்.

"பரம்பரையில் இருந்தால் தப்பவே முடியாது." மொத்தப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. கோளாறு இருப்பவர்களிலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மேலைநாட்டு ஆய்வுகளின்படி பிஆர்சிஏ 1 கோளாறுள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வருவது நூற்றுக்கு எழுபது பேருக்கு; வராதவர்கள் முப்பது பேர். முன்பே தெரிந்தால் 25 வயதிலிருந்தே ஆண்டுக்கொரு எம்ஆர்ஐ எடுக்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின், 35 முதல் 40 வயதுக்குள், சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடலாம். எம்ஆர்ஐ ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்காது என்பது வாஸ்தவம். ஆண்டுக்கு ஒரு நாள் பஸ் ஏறுவதற்கான காரணமாவது கையில் இருக்கும்.

"குடும்பமே சென்னைக்குப் போய் ரத்தம் கொடுக்கணும், சொத்தை விற்கணும்." அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் கோளாறு தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு மரபணுவில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்; செலவு வெகுவாகக் குறையும். ரத்தத்தையோ உமிழ்நீரையோ கூரியரில் அனுப்பலாம், ஆலோசகரிடம் வீடியோவில் பேசலாம். ஆலோசகரை மட்டும் விட்டுவிடக் கூடாது. இந்தியர்களின் மரபணு விவரம் உலகத் தரவுகளில் குறைவு. அதனால் 'நல்லதா கெட்டதா தெரியவில்லை' என்ற முடிவு நமக்கு அதிகம் வருகிறது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பது கொடுமை.

"வெளியே தெரிந்தால் பொண்ணுக்கு வரன் வராது." இதை மூடநம்பிக்கை என்று என்னால் தள்ள முடியவில்லை, வரன் தட்டிப்போகத்தான் செய்யும். பிள்ளையைக் கொடுக்கிற வீட்டையும் எடுக்கிற வீட்டையும் நமக்குத் தெரியாதா? ஆகவே மூன்று தலைமுறைக் கதையைத் திண்ணையில், பக்கத்து வீட்டுக்காரி காதுபட, கேட்கக் கூடாது. உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். பரிசோதனை முடிவையும் பரிசோதித்துக்கொண்டவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும், மாமியாரிடம் அல்ல.