இடையில் ஐந்து மணி நேரம், மட்டாஞ்சேரி

கேள்வி: எர்ணாகுளம் ஜங்ஷனில் அடுத்த ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. மட்டாஞ்சேரி போய் வரலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தாராளமாக. பெட்டியை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிட்டு போட் ஜெட்டிக்கு ஆட்டோ பிடியுங்கள். பாலத்து நெரிசலுக்குப் படகே மேல். அங்கே 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையைப் பின்னால் செப்பனிட்ட டச்சுக்காரர்கள் ‘டச்சு அரண்மனை’ என்று பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள்! உள்ளே ராமாயணச் சுவரோவியங்களுக்கே அரைமணி வேண்டும். பக்கத்திலேயே 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம். 1492-இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களின் வழிவந்தவர்களும் தொழுத இடம். அண்ணாந்து சரவிளக்கைப் பார்த்தது போதும், குனியுங்கள்: தரை முழுக்கச் சீனத்து நீல வெள்ளை ஓடுகள், கையால் தீட்டியவை. நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, ஜெபாலயத்துக்குச் சனி. வழியில் ஏலக்காய் வாங்கினால் பேரம் பேசாமல் வாங்காதீர்கள்.