வாய்ச்சொல் மஸ்டரில் ஏறாது

கோவைப் பக்கம் மோட்டார், பம்புசெட் செய்யும் தொழிற்சாலைகளில் 'டைம் ஆபீஸ்' என்று ஓர் அறை இருக்கும். பெரும்பாலும் கேட்டை ஒட்டி, செக்யூரிட்டிக்குப் பக்கத்திலேயே. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்கு லீவு, யாருக்கு ஓ.டி., பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகும். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட அறைகளில்தான் கழிந்தது. நடுவில் சில ஆண்டுகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலும் இருந்தேன். அங்கே ஏ.சி. இருந்தது, தகராறுகள் என்னவோ அதே தகராறுகள்தான்.

கெட்ட எண்ணத்தால் வந்த சண்டைகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஒருவர் வாயால் சொன்னதை இன்னொருவர் வேறு மாதிரி புரிந்துகொண்டதால் வந்தவை ஏராளம். ஃபோர்மேன் தங்கமான மனிதராக இருந்தால் வாய்ச்சொல்லே போதும், எல்லாம் நடக்கும். அவர் ரிட்டயர் ஆன மறுமாதம் அந்த நாற்காலிக்கு வருகிறவர், "எனக்கு யாரும் சொல்லலையே" என்பார். நல்லவர் ஒருவர் போன பிறகும் எது நிற்கிறதோ, அதுதான் அந்த இடத்தின் பண்பாடு. கீழே சொல்லும் யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

சம்பளச் சீட்டைப் படியுங்கள்

சம்பளம் வங்கியில் ஏறியதும் பலர் சீட்டைப் பார்ப்பதே இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வையுங்கள். பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் உங்களிடம் பிடிப்பார்கள். நிறுவனமும் அதே 1,800 போட வேண்டும். ஆனால் நிறுவனம் போடுவது முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்குக்கு வராது. அதில் 8.33 சதவீதமான 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போய், மீதி 550தான் கணக்கில் சேரும். இது தெரியாமல் "கம்பெனி பாதிப் பணத்தை அமுக்கிட்டாங்க சார்" என்று கொதிப்போடு வந்தவர்கள் உண்டு. உண்மையிலேயே கட்டாமல் விட்ட நிறுவனத்தில், ஆண்டுக்கணக்கில் எதுவும் கேட்காமல் இருந்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: யு.ஏ.என். எண்ணை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

அப்படியே பெயரையும் பாருங்கள். இன்ஷியல் நம் ஊருக்கே உரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போதுதான் கணினி இவர் வேறு, அவர் வேறு என்று சொல்லும். பணத்துக்கு அவசரம் இல்லாத காலத்தில் இதைத் திருத்திக்கொள்வது சுலபம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு திருத்துவது கொடுமை.

நாமினி விஷயம் இதைவிட முக்கியம். கல்யாணத்துக்கு முன்னால் பி.எஃப்.பில் பதிந்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது; புதிதாகப் பதிய வேண்டும். லேத் பிரிவில் வேலை பார்த்த ஒரு தம்பி, சேர்ந்த அன்று அம்மா பெயரை எழுதிக் கொடுத்ததோடு சரி. விபத்தில் அவர் போன பிறகு அம்மா ஒரு பக்கம், கைக்குழந்தையோடு மனைவி ஒரு பக்கம் என்று வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தார்கள். பணிக்காலத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு பி.எஃப்.போடு இணைந்த காப்பீட்டிலிருந்து 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் டைம் ஆபீஸில் ஒரு பழக்கம் வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரிடம், "லீவு எழுதிட்டேன். வந்ததும் நாமினி மாத்தோணும், மறந்துராதீங்க" என்று சொல்லி, அவர் பெயரை ஒரு நோட்டில் குறித்துவைப்போம்.

இ.எஸ்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் போடுகிறது. மாத்திரை வாங்கத்தான் இ.எஸ்.ஐ. என்று நினைக்கிறவர்கள் அதிகம். உடம்பு சரியில்லாமல் படுத்தால், டாக்டர் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் சம்பளமில்லா விடுப்பில் கிடந்து, வட்டிக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓ.டி. கணக்கை நீங்களும் எழுதுங்கள்

வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக உள்ள விதி இது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பால் அந்த ஆண்டு மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. நேரம் என்பது தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அது சமீபத்திய சாட்சி.

ஆனால் அன்றாடத்தில் நேரம் களவுபோவது கால் மணி, அரை மணி என்றுதான். "இந்த லோடை மட்டும் ஏத்திட்டுப் போங்க" என்பார்கள். மாதக் கடைசியில் அது யாருக்கும் நினைவிருக்காது. சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் சொன்னார் என்று மூன்றே குறிப்பு போதும். சூப்பர்வைசராக இருந்தால் அன்றைக்கே ஓ.டி. சீட்டில் கையெழுத்து போட்டுவிடுங்கள். அலுவலக வேலையில் இருப்பவர்கள் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடலாம்: "நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை வந்து முடித்தேன், பதிலுக்குச் செவ்வாய் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்." இது நம்பிக்கைக் குறைவு இல்லை. சொன்னவருக்கும் அது ஞாபகக் குறிப்புதான்.

வாட்ஸாப் வந்த பிறகு வேலை நேரத்துக்குக் கரையே இல்லாமல் போய்விட்டது. இரவு பத்து மணிக்கு மேனேஜர் குழுவில் ஒரு கேள்வி போடுவார். அவருக்குப் பதில் காலையில் கிடைத்தால் போதும். ஆனால் அதை அவர் சொல்லவில்லை. குழுவில் இருக்கும் இருபது பேரும் அரைத் தூக்கத்தில் பதில் தேடுவார்கள். மென்பொருள் நிறுவனத்தில் ஒரு டீம் லீட் இதற்கு எளிய வழி வைத்திருந்தார். அவசரம் என்றால் போன் வரும், செய்தியாக வந்தால் மறுநாள் பார்த்தால் போதும். குழுவின் விவரப் பகுதியிலேயே இதை எழுதிவைத்திருந்தார். அவர் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது.

லீவு பட்டியலை ஜனவரியிலேயே பேசுங்கள்

தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்கள் ஆண்டுக்குக் குறைந்தது 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் நிலையானவை. மீதி ஐந்து பண்டிகை விடுமுறைகள். அந்த ஐந்தில் பொங்கலும் ஆயுத பூஜையும் தீபாவளியும் கேட்காமலே வந்துவிடும். மற்றதில்தான் பேச்சு வேண்டும்.

இன்று கோவையின் பட்டறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இல்லாத இடம் அபூர்வம். ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போகத் துடிப்பார்கள். ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பிருந்தே செய்யலாம் என்பது 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. முன்பதிவு திறந்த கையோடு டிக்கெட் போடாவிட்டால் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அதனால் லீவு உண்டா இல்லையா என்பது இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிய வேண்டும். "பார்க்கலாம்" என்று இழுத்தடித்த இடங்களில், பாதிப் பேர் சொல்லாமல் கிளம்பிப்போய்த் திரும்பி வராமலே இருந்துவிட்டார்கள். யார் எந்த வாரம் போவது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிய இடங்களில் அவர்கள் போனார்கள், வந்தார்கள், வரும்போது சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நாற்காலி போட்டால் போதாது

ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. என் உறவுப் பெண் ஒருத்தி ஒரு பெரிய துணிக்கடையில் இருக்கிறாள். "ஸ்டூல் போட்டிருக்காங்க மாமா, ஆனா யாரும் உக்கார மாட்டோம். உக்காந்தா சூப்பர்வைசர் பார்க்கற பார்வையே வேற" என்றாள். சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போடும். அதில் முதலில் உட்கார வேண்டியவர் சூப்பர்வைசர். கூட்டம் இல்லாத நேரத்தில் அவரே உட்கார்ந்து, "நீங்களும் உட்காருங்கம்மா" என்று ஒரு வாரம் சொன்னால் பயம் போய்விடும்.

பாலியல் தொல்லை குறித்த உள்ளகப் புகார் குழுவும் இப்படித்தான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் இந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். குழுவுக்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். பலகையும் மாட்டியிருப்பார்கள். உங்கள் அலுவலகப் பலகையை நாளைக்கே நின்று படித்துப் பாருங்கள். அதில் இருப்பவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா, அந்தப் போன் நம்பர் அடிக்கிறதா என்று சோதியுங்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பழைய நம்பரில் பாதிக் காலம் போய்விடக் கூடாது.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

புதிதாக வந்த இளம் இன்ஜினியர், முப்பது வருஷம் அனுபவமுள்ள ஃபிட்டரை "வா, போ" என்பார். ஃபிட்டர் ஒன்றும் பேச மாட்டார். ஆனால் மிஷின் நின்றால் எங்கே கோளாறு என்று தானாக வந்து சொல்லவும் மாட்டார். வடமாநிலத் தொழிலாளர்களை மொத்தமாக "பையா" என்றே கூப்பிடும் பட்டறைகளிலும் இதே கதை. மஸ்டரில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழகிய பிரிவுகளில், பிழையை மறைக்காமல் வந்து சொல்கிறவர்கள் அதிகம். திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். பாராட்டை டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

விலகும்போதும் கணக்கு சுத்தமாக இருக்கட்டும்

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். 10 ஆண்டு பணிக்காலம் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷனுக்குத் தகுதி வரும். நிரந்தரத் தொழிலாளி 5 ஆண்டு முடித்தால் கிராஜுவிட்டி உண்டு. கடைசிச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். கணக்கில் வரும் சம்பளம் 20,000, பணி 12 ஆண்டு என்றால் சுமார் 1,38,000 ரூபாய். 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் நல்ல மனசால் செய்த காரியங்கள் சில இருக்கும்: பிள்ளை பள்ளியில் சேரும் நாளில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன், கர்ப்பிணிக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது, உடம்பு முடியாதவருக்கு இலகுவான மிஷின். பழைய ஆட்களிடம் விசாரித்து அவற்றை ஒரு தாளில் எழுதி, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கி, டைம் ஆபீஸ் கோப்பில் வையுங்கள். அதற்கு அரை நாள் பிடிக்கும். நீங்கள் போன பிறகு வருகிறவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், கேட்க வரும் தொழிலாளிக்குக் காட்ட ஒரு தாள் இருக்கும்.