ஒரு பருவப் படிப்பு



வெளிநாட்டுப் படிப்பு என்றதும் பட்டமும் பதவியும் நம் நினைவிற்கு வருகின்றன. பட்டம் எதுவும் தராத வெளிநாட்டுப் படிப்பும் ஒன்று உண்டு. தாம் பயிலும் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்காமலே, ஒரு பருவம் மட்டும் வேற்று நாட்டு நகரில் தங்கிப் பயின்று மீள்வது அது. சில திங்களில் என்ன கற்றுவிட முடியும் என்று கேட்போர் பலர். அவர்கட்கு விடையாக ஒரு தமிழ் மாணவரின் வரலாற்றைக் காண்போம்.

1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், நம்மைப் போலவே பிழைப்பு நாடி வெளியூர் சென்ற தமிழ்க் குடும்பத்தவர். 1910-இல் இலாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930 சூலைத் திங்கள் இறுதியில் பம்பாயில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அப்போது அவர் அன்னையார் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார். எனினும், மகன் போகவே வேண்டும் என்றவர் அவரே. மறு ஆண்டு மே மாதம் அன்னையார் மறைந்தார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

அந்த 1931-ஆம் ஆண்டுக் கோடையில் சந்திரசேகர் செருமனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபது. கோட்டிங்கன் பெருநகரன்று. ஆயினும் 1737-இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் அங்கே உண்டு. கணித மேதை கௌஸ் பணியாற்றிய இடம் அது. 1925-இல் ஐசன்பர்க், மாக்ஸ் போர்ன், ஜோர்டான் ஆகியோர் புதிய குவாண்டம் இயக்கவியலுக்கு அடிகோலியதும் அங்கேதான். போர்னின் ஆய்வு நிலையத்தில் சந்திரசேகர் எடுத்துக்கொண்ட பொருள் யாது? விண்மீனின் உள்ளிருந்து வெளிவரும் ஒளியை, அதன் புறப்படலத்து அணுக்கள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதே. அணுவின் கணக்கை அறிந்தவர் நடுவில் அமர்ந்து அவர் விண்மீனின் கணக்கைப் போட்டார்.

அக்கோடைக்குப் பட்டமில்லை, முனைவர் பட்டத்தை 1933-இல் கேம்பிரிட்ஜ் வழங்கிற்று. ஆனால் 1940-களில் அவர் அதே துறைக்கு மீண்டார். வளிமண்டலங்களை ஒளி கடந்து வரும் முறை பற்றி 1950-இல் அவர் வெளியிட்ட நூல், இன்றும் அத்துறையின் அடிப்படை நூல்.

கோட்டிங்கனுக்கு என்ன நேர்ந்தது? 1933 ஏப்ரலில் நாசி ஆட்சி, யூதர்களை அரசுப் பணியினின்று விலக்கச் சட்டம் இயற்றிற்று. போர்ன் பதவி இழந்து நாடு நீங்கினார். வேறு பலரும் நீங்கினர். கட்டடங்கள் நின்றன, கற்பித்தோர் இல்லை. பழம்பெரு நகரங்களைக் கண்டு வியக்கும் நாம், அவற்றின் பெருமை கல்லில் இல்லை, அங்கே கற்பிக்கும் மனிதரிடம் உள்ளது என்பதை மறத்தலாகாது. அதே போர்ன், சந்திரசேகரின் சிற்றப்பாவாகிய சர் சி. வி. இராமனின் அழைப்பை ஏற்று, 1935-36 குளிர்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்து விரிவுரையாற்றினார். எங்கள் பலமனேர் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் சாலை சென்று சேரும் அதே பெங்களூர்!

இன்று நமக்கும் வழிகள் உள. ஐரோப்பிய நாடுகள் 1987-இல் தொடங்கிய எராசுமசு திட்டத்தில், ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்கள் வாயிலாக 2015 முதல் நம் நாட்டு மாணவரும் ஒரு பருவம் பயிலலாம். முழுப் பருவத்திற்கு 30 மதிப்பலகுகள். அவற்றை நம் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதைப் புறப்படுமுன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்க. செருமனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரிலும் கோடைப் பருவம் ஏப்ரலிலும் தொடங்குகின்றன. நம் தேர்வு நாட்களோடு அவை மோதுமா என்பதையும் பார்த்துக்கொள்க.

மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. பலமனேர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கேட்டு வளர்ந்தவர்க்கு இன்னொரு மொழி சுமையன்று.

வீட்டார் தயங்குவர். ஏற்கெனவே ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நம்முடையவை. மீண்டும் ஒரு பிரிவா என்று அவர்கள் கலங்குவது இயல்பு. அக்கலக்கத்தை எளிதாக எண்ணற்க. சீதாலட்சுமி அம்மையார் கொடுத்த விலையை நினைத்துப் பார்த்த பின்னரே பயணச்சீட்டு எடுங்கள். நகர்களைக் காண்பதற்கு விடுமுறை போதும். வீட்டாரைப் பிரிந்து ஒரு பருவம் தங்குவதாயின், அங்குள்ள ஆசிரியரிடம் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும். அதனை இங்கிருந்தே, இவ்வாண்டே, நம் நூலகத்திலே தேடத் தொடங்குவோம்.