பதினைந்து வயதுக்கென்றே இருக்கும் வேலை

"எங்கே போய்க் கேட்டாலும் பதினெட்டு வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள் தாத்தா." பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் குறை இது. சிகந்தராபாத்தில் பிறந்து, இங்கேயே வயதாகி, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுத ஆள் ஏற்பாடு செய்யும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இன்டர் இரண்டாம் வருடம் வரை படிக்கிற உங்களுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. வயது வரம்பைக் கண்டு மனம் சுருங்க வேண்டாம். ரத்தம் கொடுக்கப் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை வார்டுகளிலும் பாம்பு பிடிக்கும் குழுக்களிலும் சிறுவர்களைச் சேர்க்காததற்குக் காரணம் உங்கள் உடல்நலம்தான். வயதைக் கூட்டிச் சொல்லி எங்கும் நுழையாதீர்கள். ஏதாவது நேர்ந்தால் உங்களை நம்பிச் சேர்த்தவருக்குத்தான் தலைவலி. உங்கள் வயதுக்காரர்தான் வேண்டும் என்று கேட்கிற வேலையும் இந்த ஊரில் இருக்கிறது. அதை முதலில் தேடுங்கள்.

2. அந்த வேலைக்கு இங்கே ஸ்கிரைப் என்று பெயர். பார்வையற்ற மாணவர் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர். எழுதுபவர் தேர்வு எழுதும் மாணவரைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும், விடை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் தேர்வுக்கே பொருளில்லாமல் போய்விடும். ஆகவே டென்த் தேர்வுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வேண்டும். கல்லூரி மாணவர் நூறு பேர் முன்வந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, நீங்கள் உட்காரலாம்.

பேகம்பேட்டையில் கண் மருத்துவர் சாய்பாபா கௌட் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய தேவ்னார் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. மலக்பேட்டையில் அரசுப் பள்ளி இருக்கிறது. சாதாரணப் பள்ளிகளில் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளும் உண்டு. பொதுத்தேர்வு மார்ச்சில் வருகிறது. ஜனவரியிலேயே போய்க் கேளுங்கள். உங்கள் தலைமை ஆசிரியரின் கடிதமும் புகைப்படமும் கேட்பார்கள், கல்வி அலுவலகத்தின் அனுமதி கிடைக்க நாளாகும். பிப்ரவரி கடைசியில் ஓடிப்போனால் நல்ல மனது மட்டும் போதாது.

3. ஸ்கிரைப் வேலையை மேலோட்டமாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. அதில் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் அடங்கியிருக்கிறது.

தேர்வுக்கு முன்னாலேயே அந்த மாணவரைச் சந்தியுங்கள். அரசின் வழிகாட்டு நெறியே இரண்டு நாள் முன்பு சந்திக்க வாய்ப்புத் தரச் சொல்கிறது. கிடைத்தால் இன்னும் முன்பாகவே போய், பழைய வினாத்தாள் ஒன்றை இருவருமாக முழுக்க எழுதிப் பாருங்கள். அவர் எவ்வளவு வேகமாகப் பேசுவார், யோசிக்கும்போது எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பார் என்பது அப்போதுதான் பிடிபடும். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பக் கூடாது.

கேள்வியை இரண்டு முறை வாசியுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் நான்கையும் ஒரே குரலில் படியுங்கள். ஒரு விடையில் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் அது குறிப்புக் கொடுத்ததாகிவிடும். கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, வர்க்கம் எதற்கு மட்டும் என்று ஒவ்வொன்றையும் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

அவர் சொன்னது தப்பு என்று உங்களுக்குத் தோன்றினாலும் சொன்னபடியே எழுதுங்கள். கேட்டால் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம் எழுத வேண்டியிருக்கும். உங்கள் விரலுக்கும் பழக்கம் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

காய்ச்சல் வந்தால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். மாற்று ஆளாக இன்னொரு நண்பரின் பெயரையும் முதலிலேயே கொடுத்து வையுங்கள். காலையில் நீங்கள் வராமல்போய் அந்தப் பிள்ளை வாசலில் நிற்கும்படி ஆகக் கூடாது.

4. சின்ன வயதில் செய்யும் தொண்டு விளையாட்டு என்று யாராவது சொன்னால் துர்காபாயை நினைத்துக்கொள்ளுங்கள். 1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு. அங்கே கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்ற துர்காபாய்க்கு 14 வயது. டிக்கெட் இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்பது அவருக்கு இட்ட பணி. ஜவஹர்லால் நேரு வந்தார், கையில் டிக்கெட் இல்லை. அந்தப் பெண் நிறுத்திவிட்டார். அமைப்பாளர்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார், நேருவும் அதைப் பாராட்டினார். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த துர்காபாய் தேஷ்முக் அவர்தான். 1937-ல் அவர் சென்னையில் தொடங்கிய ஆந்திர மகிளா சபா இந்த ஊருக்கும் வந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் கல்லூரியும் மருத்துவமனையுமாக வளர்ந்து நிற்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது பாருங்கள்.

5. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடமாகத் தேடுங்கள். மௌலாலியில் இருக்கிற பிள்ளை கச்சிபௌலிக்குப் போய்த் தொண்டு செய்தால் மூன்றாவது வாரமே நின்றுவிடும். பெண் பிள்ளைகளுக்கு 2023 டிசம்பரிலிருந்து சாதாரண ஆர்.டி.சி. பேருந்துகளில் கட்டணம் இல்லை. ஆதார் அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும்.

போனதும் "நான் இதைச் செய்யலாம் என்றிருக்கிறேன்" என்று தொடங்காதீர்கள். "உங்களுக்கு எந்த நாளில் ஆள் குறைகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், புதன்கிழமை சாயங்காலம் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் வருடம் முழுக்க. நூலகத்தில் புத்தகம் அடுக்குவதும் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் செய்தித்தாள் வாசிப்பதும் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதும் இப்படித்தான் பயன் தரும். ஒரு நாள் வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகும் அக்காவை அந்தப் பிள்ளை மறந்துவிடும். வாரம் தவறாமல் வருகிறவரிடம்தான் தனக்கு என்ன வரவில்லை என்று வாய் திறந்து சொல்லும்.

6. தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் தமிழ் பேசுகிறோம், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் பேசும் தெலுங்கு மட்டும் வருகிறது. வயதான ஒருவருக்கு ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க அது போதாது. பழைய நகரத்துப் பக்கம் போனால் தக்கனி உருது வேண்டும். அங்கே பெரியவர்களைச் சாச்சா, காலா என்று அழையுங்கள், இங்கே தாத்தகாரு, பெத்தம்மா என்று அழையுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூடாது.

7. ரத்தம் கொடுக்க முடியாதே தவிர, ரத்தம் கிடைக்கச் செய்ய உங்களால் முடியும். ராஜேந்திர நகர்ப் பக்கம் சிவராம்பள்ளியில் தலசீமியா மற்றும் சிக்கிள் செல் சொசைட்டி 1998-லிருந்து இயங்குகிறது. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏப்ரல், மே என்று பார்த்து நோய் நிற்பதில்லை. அந்த மாதங்களில் கல்லூரிகள் மூடியிருப்பதால் கொடையாளர் குறைந்துவிடுவார்கள். உங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் பேசி, சங்கப் பெரியவர்களை முன்னிறுத்தி, மே மாதத்தில் ஒரு முகாம் நடத்தச் செய்யுங்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவதும் முந்தைய நாள் நினைவூட்டுவதும் வந்தவருக்குப் பழச்சாறு கொடுப்பதும் உங்கள் வேலை. எத்தனையோ முகாம்கள் நினைவூட்ட ஆளில்லாமல் படுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கண் தானமும் அப்படித்தான். 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' படங்களை இயக்கிய எல்.வி. பிரசாத்தின் பெயரில் பஞ்சாரா ஹில்ஸில் இருக்கும் கண் மருத்துவமனையில் பெரிய கண் வங்கி இருக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டும். துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவு வராது. உங்கள் தாத்தா பாட்டி நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சம்மதித்தால் கண் வங்கியின் எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள். பேரப்பிள்ளை கேட்டால் அவர்கள் தட்டமாட்டார்கள்.

8. பசித்தவருக்குச் சோறு போடும் வேலைக்கு இந்த ஊரில் குறைவில்லை. தபீர்புரா மேம்பாலத்தின் கீழே அசர் மக்சூசி 2012-லிருந்து அன்றாடம் சோறு போட்டு வருகிறார், பசிக்கு மதம் இல்லை என்பதே அவர் சொல்வது. 2014-ல் டெல்லியில் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மி இங்கேயும் இருக்கிறது. யாரிடமும் பணம் வாங்குவதில்லை, மிஞ்சும் உணவை வாங்கிப் பகிர்வதுதான் அவர்கள் வழி. இங்கெல்லாம் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பரிமாறும்போது நின்றுகொண்டு நீட்டாதீர்கள், குனிந்து கண்ணைப் பார்த்துக் கொடுங்கள்.

9. விலங்குகள் மேல் பிரியம் உள்ளவர்களுக்கு, அமலாவும் நாகார்ஜுனாவும் 1992-ல் தொடங்கிய ஹைதராபாத் பிளூ கிராஸ் இருக்கிறது. ஆனால் நாயைத் தொடும் முன் மருத்துவரிடம் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் தண்ணீர்த் தொட்டி வைத்து அதைத் தினமும் கழுவுவதற்கு எந்த அமைப்பிலும் சேர வேண்டியதில்லை.

10. குழந்தைகள் இல்லத்தில் போட்டோ எடுக்காதீர்கள். காப்பகத்தில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். சட்டத்தையும் விடுங்கள். அந்தக் குழந்தைக்கு உங்கள் வயது ஆகும்போது, உங்கள் இன்ஸ்டாகிராமில் கையேந்தி நிற்கும் தன் முகத்தை அது பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும்?

11. சான்றிதழ் கேட்பதில் தப்பில்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது, விண்ணப்பத்தில் எழுத ஒன்று வேண்டும் என்று பெற்றோர் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்கிற இடத்துக்கு ஒருபோதும் போகாதீர்கள். இன்டர் கல்லூரியில் என்.எஸ்.எஸ். பிரிவு இருந்தால் சேருங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. வருடத்துக்கு 120 மணி வீதம் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம் என்று கணக்கு நேராக இருக்கும், ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருப்பார்.

12. தனியாகப் போகாதீர்கள். பொறுப்பாளர் யார், அவருடைய எண் என்ன என்பது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். சிக்னலில் உண்டியல் குலுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். யாராவது தனி அறைக்குக் கூப்பிட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ அந்த நிமிடமே கிளம்பி வந்து வீட்டில் சொல்லுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், அது உங்களுக்கும் பொருந்தும்.

13. உங்களுக்கும் பொதுத்தேர்வு வரும். அந்த இரண்டு மாதம் வரமுடியாது என்பதை நவம்பரிலேயே சொல்லி, உங்கள் இடத்துக்குக் கீழ் வகுப்பிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து பழக்கிவிடுங்கள். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாட்டிக்கு வலது காது கேட்காது, எந்தப் பையனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கும், சாவி யாரிடம் இருக்கும், பேருந்து எண் என்ன. டென்த் முடித்துவிட்டால் டென்த் மாணவருக்கு நீங்கள் ஸ்கிரைபாக முடியாது. அப்போது இன்டர் எழுதும் பார்வையற்ற மாணவர்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், அங்கே போய்ப் பெயர் கொடுங்கள்.