சிவப்பு அம்பு ஒட்டும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு நடக்க வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன். உங்களில் பாதிப் பேர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் செக்கிங்கில் நிற்கிறீர்கள். சிலர் டெய்லருக்குக் கைமடிக்கிறீர்கள், இரண்டு பேர் பாலிடெக்னிக்கில் படிக்கிறீர்கள். நான் இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனிகளுக்குச் சாம்பிள் படம் எடுத்துப் பிழைத்தவன். டி-சர்ட்டை ஸ்டீம் அயர்ன் போட்டு, இடுப்பைப் பின்பக்கம் மடித்துக் குண்டூசி குத்தி, கைக்குள் டிஷ்யூ காகிதம் திணித்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து நிழலே விழாமல் எடுக்கிற படம். ஒரு நூல் பிசிறு தெரிந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அந்த வேலை எனக்குச் சோறு போட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டவை எல்லாம் மதியச் சோற்று வேளையில் எடுத்தவை. கட்டிங் மாஸ்டர் ஒருவருடைய கத்தரிக்கோல், பிடி உறுத்தாமல் இருக்கப் பனியன் துணி சுற்றியது. கம்பெனி வாசலில் ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ என்று சாக்பீஸில் எழுதிய பலகை, பத்துத் தடவை அழித்து எழுதியதில் பழைய எழுத்தெல்லாம் அடியில் நிழலாகத் தெரிவது. ஏன் இவை மட்டும் மனதில் நின்றன என்று எனக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று. விளங்க வைத்தது ஜப்பானியச் சொல் ஒன்று.

1. அந்தச் சொல்லை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வாபி-சாபி என்பார்கள். வாபி என்பது முதலில் புகழ்ச்சியான சொல்லாக இருக்கவில்லை. இல்லாமை, தனிமை, ஆதரவற்ற நிலை என்றுதான் பொருள். சாபி என்பதில் பாழடைந்த அமைதியும் பழமை ஏறிய அழகும் சேர்ந்திருக்கும். அதே ஒலியில் துருவுக்கும் ஒரு சொல் அங்கே உண்டு. தேநீர்ச் சடங்கை வளர்த்தவர்கள் இவற்றுக்கு மெல்ல மெல்ல மதிப்பு ஏற்றினார்கள். அவர்களில் பெரியவர் சென் நோ ரிக்யூ, 1522 முதல் 1591 வரை வாழ்ந்தவர். நாட்டை ஆண்டவனே விருந்தாளியாக வருகிற காலத்தில், இரண்டே இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குத் தேநீர் அறை கட்டியவர். தய்-அன் என்ற அந்த அறை கியோத்தோவுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. சீனத்து மெருகுக் கிண்ணங்களுக்கு நடுவே, சக்கரத்தில் ஏற்றாமல் கையாலேயே பிடித்துச் செய்த, விளிம்பு சமமில்லாத ராக்கு கிண்ணத்தில் அவர் தேநீர் கொடுத்தார். நமக்கு வேண்டியது அந்த விளிம்புதான். செய்தவனுடைய விரல் அங்கே இன்னும் தெரிகிறது.

போனில் கீறலும் புள்ளியும் மங்கலும் சேர்த்துக்கொடுக்கும் ஃபில்டர்கள் இருக்கின்றன. அவற்றை வாபி-சாபி என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பூரில் இருக்கும் உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். புது உருப்படியை வாஷிங்கில் போட்டு, தேய்த்து, முட்டியில் கிழித்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறோம் இல்லையா? அந்தக் கிழிசலையும், ஐந்து வருஷம் உடுத்தி, முட்டிபோட்டு வேலை செய்து நைந்த பேண்டின் கிழிசலையும் கையில் தொட்டால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். படத்திலும் அது தெரியும்.

2. உங்களிடம் கண் ஏற்கெனவே இருக்கிறது. செக்கிங் மேசையில் ஒரு பீஸைத் திருப்பி, விரித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், ஷேடு மாறின கை என்று சில நொடியில் கண்டுபிடித்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். வெளியூரில் போட்டோகிராபி படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கண் வருவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். கம்பெனியில் அம்பு ஒட்டினால் அந்தப் பீஸ் ஒதுங்கும். போனைப் பிடிக்கும்போது அதே அம்பு வேறொன்றைச் சொல்லட்டும்: இங்கே நில்.

முதல் வாரம் படமே எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எங்கெங்கே அம்பு ஒட்டுவீர்கள் என்று பாருங்கள். நடுவில் குழிந்த வாசற்படி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த அரிவாள்மனை, கைப்பிடி உடைந்து கம்பி கட்டிய குடம், சுவரில் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய் ஏறிய வட்டம். வேலை செய்யும் இடத்திலும் பாருங்கள். மிஷின் டேபிளின் ஓரத்தில் முழங்கை படுகிற இடத்தில் மட்டும் சன்மைக்கா நிறம் போயிருக்கும். அந்த இடத்தின் அகலத்தை வைத்தே எத்தனை டெய்லர்கள் அங்கே மாறி மாறி உட்கார்ந்தார்கள் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். அதில் ஆளே இல்லை, ஆனாலும் எனக்கு அது ஆள் படம்தான்.

3. பொருளின் பழுது வேறு, உங்கள் பழுது வேறு. இதைக் குழப்பிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். லென்ஸில் கைரேகை படிந்து மங்கிய படத்தைக் காட்டி, ‘அண்ணா, இதுவும் வாபி-சாபிதானே’ என்கிறார்கள். இல்லை, கண்ணு. அது துடைக்காத லென்ஸ்.

ஜப்பானில் ‘ப்ரவோக்’ என்று ஒரு பத்திரிகை வந்தது. 1968 நவம்பர் முதல் 1969 ஆகஸ்ட் வரை மூன்றே இதழ்கள். சொரசொரப்பு, ஆட்டம், குவியம் தப்பியது ஆகிய மூன்றுமே அதன் படங்களின் குணம் என்றார்கள். 1938இல் பிறந்த தய்தோ மோரியாமா இரண்டாம் இதழிலிருந்து அதில் சேர்ந்தார். அவர் படங்களில் தெரு ஓடும், முகம் கரையும், கறுப்பு அப்படியே கறுப்பாக உறையும். அவர் கைதவறி அப்படி எடுத்தவரல்ல, தெளிவாக எடுக்கத் தெரிந்த பிறகு அதை வேண்டாம் என்றவர். எனவே உங்களுக்கு என் விதி இது: ஒரு காட்சியை முதலில் தெளிவாக எடுத்துக் காட்டுங்கள், பிறகு மங்கலாக எடுங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். போனில் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/15 வைத்து, போனை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, ஓவர்லாக் ஓட்டுகிற கையை எடுங்கள். மிஷின் அசையாமல் நிற்கும், துணியும் விரலும் கரைந்து ஓடும். பீஸ் ரேட்டில் ஓடுகிற கையின் வேகம் அப்படித்தான் தெரிய வேண்டும்.

4. பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது கேட்காமலே வேலை செய்யும். நிட்டிங்கில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருடைய புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும், விடிகாலை வெளிச்சத்தில் அது வெள்ளி மாதிரி மின்னும். போன் அதை அழுக்கு என்று நினைத்து வழித்துவிடும்.

5. நிழலுக்குப் பயப்படாதீர்கள். ஜூனிச்சிரோ தனிசாகி 1933இல் நிழலைப் போற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மின்விளக்கு வந்து மூலை முடுக்கெல்லாம் வெளுத்ததில் எதை இழந்தோம் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். நம் லைன் வீடுகளுக்குள் அந்தக் கட்டுரையை நினைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒரே கதவு, ஒரே ஜன்னல், காலை ஆறரைக்கு வெளிச்சம் சாய்ந்து உள்ளே விழுந்து அடுப்பு மேடை வரைக்கும் வந்து நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். மூலை இருளட்டும்.

கம்பெனிக்குள் எடுக்கும்போது இன்னொரு தொல்லை வரும், படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப்லைட் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள், பட்டை போய்விடும். இதுவும் மூன்றாவதில் சொன்ன கதைதான், இது உங்கள் பழுது. சரி செய்யத் தெரிந்தால் சரி செய்ய வேண்டும்.

6. காதர்பேட்டைக்குப் போங்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம்தானே, பல தடவை போயிருப்பீர்கள், ஆனால் படமெடுக்கிற கண்ணோடு போங்கள். நீங்கள் ஒட்டிய அம்பு கடைசியில் வந்து சேர்கிற இடங்களில் அது ஒன்று. குண்டூசி முனை அளவு ஓட்டைக்காகக் கப்பலேறாமல் போன டி-சர்ட் அங்கே செகண்ட்ஸ் குவியலில் கிடக்கும். எங்கிருந்தோ வந்த ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓட்டையைத் தடவிப் பார்த்து, தோளில் வைத்து அளந்து பார்த்து, மகனுக்கு என்று வாங்குவார். அந்த ஓட்டையைத் தடவுகிற விரலை என்னால் இன்றுவரை சரியாக எடுக்க முடியவில்லை. உங்களில் யாராவது எடுத்தால் கொண்டுவந்து காட்டுங்கள். கழுத்தில் லேபிளை வெட்டி எடுத்த இடத்தையும் பாருங்கள். பெயர் போய்த் தையலின் மிச்சம் மட்டும் நிற்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முடிந்தால் ஒரு உருப்படி வாங்குங்கள்.

7. ஆளை எடுப்பது பற்றி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஜப்பானின் வடக்கில் குளிர் அதிகம், பருத்தி விளையாது. அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் தெற்கிலிருந்து கப்பலில் வரும் பழந்துணித் துண்டுகளை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுப் போட்டு, தலைமுறை தலைமுறையாக உடுத்தினார்கள். ‘போரோ’ என்று பெயர். இன்று அது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, பெரும் விலைக்குப் போகிறது. உடுத்தியவர்களோ அதை வறுமையின் அடையாளமாக நினைத்து வெட்கப்பட்டு ஒளித்து வைத்தார்கள். அழகு என்று சொன்னவர்கள் அதை உடுத்த வேண்டியிராதவர்கள்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் செக்கிங்கில் ஒரு அம்மா இருந்தார். முந்தானையில் இழை ஓட்டித் தைத்த கிழிசல், அதன் மேல் ஜன்னல் வெளிச்சம். கேட்காமல் எடுத்துவிட்டேன். நல்ல படம். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்கண்ணா, நல்ல சீலை கட்டிட்டு வர்ற அன்னிக்கு எடுக்கக் கூடாதுங்களா?” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை, சம்பள நாள், மாம்பழ மஞ்சள் சேலையில் தலை நிறையப் பூ வைத்து வந்து சுவரோரம் நேராக நின்றார். எடுத்துக் கொடுத்தேன். பல வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது கேஸ் புத்தகத்துக்குள் அதை வைத்திருந்தார். முதல் படத்தை நான் அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை.

கிழிசலை எடுக்க ஆசை வந்தால் உங்கள் கிழிசலிலிருந்து தொடங்குங்கள், உங்கள் சட்டை, உங்கள் வீடு. அடுத்தவருடைய கிழிசல் அவர் சொன்னால் மட்டும்.

8. நொய்யல் ஆற்றின் நிறத்தை அழகு என்று சொல்லாதீர்கள். அணைமேட்டில் நின்று பார்த்தால் தண்ணீரில் வெளிச்சம் விளையாடும், நுரை படத்தில் நன்றாக வரும், தெரியும். ஆனால் தேய்மானம் என்பது பயன்பாடும் காலமும் சேர்ந்து செய்வது. சாயக்கழிவு அப்படியல்ல, அது ஆற்றுக்கு இழைத்த கேடு. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணீர் தேங்கும் இடமாக மாறி, கீழே இருந்த விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று போராடும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. வேலையில்லாமல் மூட்டை கட்டி ஊருக்குப் போனவர்களை ஸ்டேஷனில் நான் பார்த்தேன். ஆற்றை எடுங்கள், கட்டாயம் எடுங்கள். சாட்சியாக எடுங்கள்: தேதி, இடம், எந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். அந்தப் படத்தை வாபி-சாபி என்ற பெயரில் யாருக்கும் அனுப்பாதீர்கள். மிஷினில் ஊசி ஏறிய விரலும் அப்படித்தான், அது தேய்மானம் இல்லை, காயம்.

9. ஜப்பான் வரைக்கும் போகாமலே நம் வீட்டில் வாபி-சாபிக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அழகாக மையிட்ட குழந்தையின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கிறோம். அது கண்பட்டுவிடும் என்ற பயத்தில் வைப்பது, ரிக்யூவின் கிண்ணம் வேறு. ஆனாலும் முழுசாய் இருப்பதை முழுசாய் விடக்கூடாது என்று நம் பாட்டிகளுக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. விடிகாலைக் கோலத்தின் மேல் எட்டு மணி ஷிப்டுக்குப் போகிற பைக் டயர் ஏறிய பிறகு அதை எடுங்கள். போட்டவரும் அழித்தவரும் ஒரே படத்தில் இருப்பார்கள்.

10. எடுத்த அன்றே அழிக்காதீர்கள். போனில் ‘செகண்ட்ஸ்’ என்று ஒரு ஆல்பம் தொடங்கி, பிடிக்காததை எல்லாம் அதில் தள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திறங்கள். எடுக்கும்போது நினைத்தது மறந்துபோய், படத்தில் இருப்பது மட்டும் தெரியும். என் கத்தரிக்கோல் படம் அப்படி ஒதுக்கிய ஒன்றுதான்.

பிறகு பிரிண்ட் போடுங்கள், சின்ன அளவு போதும். மசாவ் யமமோத்தோ என்ற ஜப்பானியர் உள்ளங்கைக்குள் அடங்குகிற படங்களாகப் போட்டு, ஓரம் மடங்கிக் கறை ஏறும்வரை கையில் வைத்துப் பழக்குவார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் பூஞ்சையும் பூச்சி அரித்த ஓரமும் இருக்கும், கல்யாணக் கோலத்தில் நாற்காலியைப் பிடித்து நிற்கிறவர்களுடைய முகமும் இருக்கும். பார்க்கிற நமக்கு இரண்டும் சேர்ந்துதான் கிடைக்கிறது. உங்கள் படத்தை லேமினேட் செய்யாமல் நாலு பேர் கையில் கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணி, திருப்பூர் குமரன் நினைவிடம் பக்கத்தில். அங்கிருந்து காதர்பேட்டைக்கு நடந்துவிடலாம். போனில் சார்ஜ் முழுசாக இருக்கட்டும். லென்ஸ் துடைக்க ஒரு கை பனியன் வேஸ்ட் நான் கொண்டுவருகிறேன்.